எம்பிஐ புட் செய்து பேரியரும் போட்ட பிறகு பக்கத்து பிராசஸில் பழைய மதிப்பே இருக்கிறதே, ஏன்?

எம்பிஐ என்பது பல பிராசஸ்கள் (தனித்தனியாக ஓடும் புரோகிராம் நகல்கள்) சேர்ந்து ஒரே கணக்கைப் போடுவதற்கான புரோகிராமிங் முறை, புட் என்பது ஒரு பிராசஸ் இன்னொன்றின் மெமரியில் நேரடியாக எழுதுவது. பழைய மதிப்பு இருப்பதற்குக் காரணம், பேரியருக்கும் உங்கள் புட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எல்லா பிராசஸும் அந்த வரிக்கு வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதோடு பேரியரின் வேலை முடிந்தது. கிளம்பிய டேட்டா போய்ச் சேர்ந்ததா என்று அது கேட்கவே கேட்காது. பந்தியில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள் என்றால் எல்லார் இலையிலும் சோறு விழுந்துவிட்டது என்றா அர்த்தம்?

நீங்கள் கோட் எதுவும் காட்டவில்லை, ஆனாலும் ஊகிக்க முடிகிறது. ஆரம்பத்தில் ஒரு வின் லாக் ஆல் (எல்லா பிராசஸின் விண்டோவையும், அதாவது மற்றவர்கள் எழுதத் திறந்துவைத்த மெமரிப் பகுதியையும், தொட அனுமதி வாங்கும் அழைப்பு), லூப்புக்குள் புட், உடனே பேரியர், அப்புறம் நேராகக் கணக்கு. லேப்டாப்பில் ஓட்டியபோது விடை சரியாக வந்திருக்கும், பல கணினிகளைக் கோர்த்த கிளஸ்டரில் போட்டதும் சொதப்பியிருக்கும். சரிதானே?

முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) இதே அச்சில் எழுதிய புரோகிராம் ஒன்று என் தலையில் வந்து விழுந்தது. உலோகத் தகட்டில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று கணக்கிடுவது. தகட்டைப் பட்டை பட்டையாக வெட்டி ஆளுக்கொரு பட்டை கொடுத்திருந்தார்கள், ஒவ்வொரு சுற்றிலும் தன் ஓர வரிசையைப் பக்கத்து பிராசஸின் ஹேலோ வரிசையில் (அண்டைப் பட்டையின் ஓர மதிப்புகளை வைத்துக்கொள்ளும் கூடுதல் வரிசை) புட் மூலம் எழுத வேண்டும். ஒரே நோடில் (கிளஸ்டரின் ஒரு கணினியில்) ஓட்டினால் எல்லாம் சுத்தம், ஏனென்றால் அங்கே இருந்த எம்பிஐ ஒரே நோடுக்குள் புட்டை ஷேர்டு மெமரியில் நேரடி காப்பியாகவே செய்துவிடும், ஃபங்ஷன் திரும்பும்போதே டேட்டா அங்கே இருக்கும். இரண்டு நோடுக்குப் போனால் கதை வேறு. இன்ஃபினிபேண்ட் எனும் அதிவேக நெட்வொர்க் கார்டிடம் வேலையைக் கொடுத்துவிட்டு புட் திரும்பி வந்துவிடும், டேட்டா எப்போது சேரும் என்பது கார்டின் பாடு. விடையைப் படமாக வரைந்து பார்த்தால், இரண்டு நோடுகளின் பட்டைகள் சேரும் வரிசையில் மட்டும் மெல்லிய கோடு ஒன்று குறுக்கே ஓடும், மற்ற இடமெல்லாம் பளிச்சென்று இருக்கும்.

எனக்கு முன்னால் இருந்தவர்கள் இதற்குக் கண்டுபிடித்த மருந்து, பேரியருக்குப் பக்கத்தில் ஒரு யூஸ்லீப், அதாவது புரோகிராமைச் சிறிது நேரம் தூங்கவைக்கும் வரி. மேலே "நெட்வொர்க் ஸ்லோ, இதை எடுக்காதீர்கள்" என்று கமெண்ட் வேறு. நெட்வொர்க் பார்க்கும் பையன் பாவம், கேபிளைப் பிடுங்கி மாட்டி, ஸ்விட்ச் லாக் எல்லாம் எடுத்துக் காட்டி, அப்படியும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தான். நான் ஸ்லீப்பைத் தூக்கிவிட்டு, பேரியருக்கு முன்னால் வின் ஃப்ளஷ் ஆல், பின்னால் வின் சிங்க் (தன் விண்டோவின் மெமரிப் பார்வையைப் புதுப்பிக்கும் அழைப்பு) என்று இரண்டு வரி போட்டேன். கோடு மறைந்துவிட்டது, ஸ்லீப் போனதால் ஓடும் நேரமும் குறைந்தது.

ஃப்ளஷ் திரும்பினால்தான் நீங்கள் அனுப்பியது எதிர்ப்பக்க மெமரியில் முடிந்தது என்று உத்தரவாதம். அது முடிந்த செய்தியை மற்றவனுக்குச் சொல்லத்தான் பேரியர். பேரியரைத் தாண்டி வந்தவன் தன் விண்டோவைப் படிக்கும் முன் வின் சிங்க் போட வேண்டும், இல்லாவிட்டாலும் பல மெஷினில் ஓடும், ஆனால் விதிப்படி போட வேண்டும். ஃப்ளஷ் லோக்கலைப் போட்டு ஏமாறாதீர்கள், அனுப்பிய பஃபரை நீங்கள் மறுபடி பயன்படுத்தலாம் என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. ஆர்புட் (காத்திருக்க ஒரு ரிக்வெஸ்ட் தரும் புட்) போட்டு வெயிட் செய்தாலும் அதே கதைதான். படித்து முடித்த பிறகு இன்னொரு பேரியரும் வேண்டும், இல்லையென்றால் அவன் படித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சுற்றின் புட் வந்து மேலே எழுதிவிடும்.

"ஹேலோவுக்கு ஃபென்ஸ் போதுமே, எதற்கு இந்தச் சுற்றுவழி" என்று யாராவது வருவார்கள். ஃபென்ஸ் என்பது எல்லாரும் சேர்ந்து கூப்பிடும் அழைப்பு, அதற்கு முந்தைய புட்களையும் அது முடித்துவைக்கும். தெரியும் ஐயா. எல்லாரும் ஒரே தாளத்தில் எழுதிப் படிக்கும் கணக்குக்கு ஃபென்ஸ்தான் எளிது, பக்கத்து வீட்டோடு மட்டும்தான் பேச்சு என்றால் போஸ்ட், ஸ்டார்ட், கம்ப்ளீட், வெயிட் என்று சம்பந்தப்பட்டவர்கள் மட்டும் ஒத்திசையும் அழைப்புகள் இருக்கின்றன. இவை 1997-இல் எம்பிஐ 2 வந்தபோதே வந்தவை. லாக் ஆலும் ஃப்ளஷும் 2012-இல் எம்பிஐ 3.0-வில்தான் வந்தன, யார் எப்போது யாரைத் தொடுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத வேலைகளுக்கு ஏற்றவை. என் கைக்கு வந்த கோடில் அப்படியும் ஒரு வேலை இருந்தது, அதனால் லாக் ஆலை நான் எடுக்கவில்லை.

அந்த வேலை, ரேங்க் 0-வில் (0 என்ற எண் கொண்ட பிராசஸில்) இருந்த ஒரு கவுண்டர். அடுத்த வேலைத்துண்டின் எண்ணை கெட் (இன்னொரு பிராசஸின் மெமரியிலிருந்து படிக்கும் அழைப்பு) மூலம் எடுத்து, ஒன்று கூட்டி, புட் மூலம் திருப்பி வைத்திருந்தார்கள். லாக் ஆல் எடுப்பது ஷேர்டு லாக், அதை எடுத்த மற்றவர்களை அது தடுக்காது, ஆகவே இரண்டு பேர் ஒரே எண்ணை எடுத்து ஒரே வேலையை இரண்டு முறை செய்தார்கள். ஃபெட்ச் அண்ட் ஆப் ஒன்று போதும், படிப்பதும் கூட்டுவதும் பிரிக்க முடியாத ஒரே காரியமாக நடந்துவிடும். ஆனால் ரேங்க் 0 நீண்ட கணக்கில் மூழ்கி எம்பிஐ பக்கமே வராமல் இருந்தால், சில எம்பிஐகளில் இந்தக் கோரிக்கை அதுவரை காத்துக்கிடக்கும். ஹார்டுவேர் தானே முடித்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள், உங்கள் எம்பிஐயில் இப்படிப்பட்ட கோரிக்கைகளைப் பின்னணியில் கவனிக்கும் தனி புரோகிரஸ் திரெட் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இதையெல்லாம் சரி செய்த வருடம் அப்ரைசலில் எனக்கு என்ன கிடைத்தது தெரியுமா? "இந்த மாட்யூலில் உங்கள் பங்களிப்பு மிகக் குறைவு" என்றார் மேனேஜர். அவர் பார்த்தது எத்தனை வரி எழுதினேன் என்ற கணக்கை. அந்த யூஸ்லீப்பை எழுதியவருக்கு அதே கூட்டத்தில் கைதட்டல். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், எங்காவது சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

நீங்கள் முதலில் லாக் ஆலையும் பேரியரையும் எடுத்துவிட்டு, புட்டுக்கு முன்னும் பின்னும் ஃபென்ஸ் வைத்து ஓட்டிப் பாருங்கள். விடை சரியாக வந்தால் திருடன் சின்க்ரனைசேஷன்தான், அப்புறம் வேண்டுமானால் ஃப்ளஷுக்கு மாறிக்கொள்ளலாம். எது செய்தாலும் சோதிக்கும்போது நோடுக்கு ஒரு பிராசஸ் என்று இரண்டு நோடில் ஓட்டுங்கள்.