விமானம் எரிந்தது, வால் மட்டும் எப்படி மிஞ்சியது? தேவகோட்டை வாசகருக்குப் பதில்

"எங்கள் ஐயாவின் சாந்தி விசேஷத்துக்கு வந்த பங்காளி ஒருவர், அகமதாபாத் விமான விபத்து சதிதான் என்று சாதிக்கிறார். விமானம் எரிந்துபோனபோது வால் மட்டும் எப்படிக் கட்டடத்தில் சிக்கி நின்றது? எரிபொருள் சுவிட்ச் 'கட்ஆஃப்' ஆகி இன்ஜினுக்கு எரிபொருள் நின்றதென்றால், இடிபாட்டில் அது ஏன் எரிபொருள் போகும் 'ரன்' நிலையில் கிடந்தது? எல்லாம் கொண்டுவந்து வைத்த சாட்சியம் என்கிறார். வழக்குப் போட வீட்டுக்கு 2,000 ரூபாயும், அடிக்கடி மலேசியா போய்வரும் எங்கள் பாஸ்போர்ட் நகலும் வேண்டும் என்கிறார் அவருக்குத் தெரிந்த ஒருவர். கொடுக்கலாமா?" இது தேவகோட்டை வாசகரின் கேள்வி.

கொடுக்காதீர்கள். காரணத்துக்குப் பிறகு வருகிறேன், முதலில் பங்காளியின் கேள்விகள்.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த அந்த ஏர் இந்தியா போயிங் 787 விமானத்தில் சுமார் 54 டன் எரிபொருள் இருந்தது. அந்த வகை விமானத்தில் எரிபொருள் இறக்கைகளிலும் அவற்றுக்கு நடுவே அடிவயிற்றிலும்தான் இருக்கும், வாலில் கிடையாது. அடுப்படியில் சிலிண்டர் வெடித்தால் பின்கட்டு சாம்பலாகும், முகப்புத் தூண் நிற்கும். அதே கதைதான். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும், எரிபொருள் தீ அதற்கு மேலேயே போகும். இந்த விமானத்தின் எடையில் பாதி கார்பன் இழைக் கலவை, அதிலுள்ள பிசின் எரிந்துவிடும். அதனால் தீயின் நடுவில் இருந்த பகுதியில் பெரிய துண்டு எதிர்பார்க்கக் கூடாது.

எல்லா விபத்தும் ஒரே மாதிரி தடயம் விடாது. 2010இல் மங்களூரிலும் 2020இல் கோழிக்கோட்டிலும் விபத்துக்குள்ளானவை ஒரே ரக போயிங் விமானங்கள். மங்களூரில் தீப்பிடித்து 158 பேர் இறந்தார்கள். கோழிக்கோட்டில் விமானம் உடைந்தது, ஆனால் தீப்பிடிக்கவில்லை.

அடுத்தது சுவிட்ச். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இந்திய விமான விபத்து விசாரணை அமைப்பின் முதல்கட்ட அறிக்கையின்படி, விமானம் மேலெழும்பிய சில விநாடிகளில் இரண்டு சுவிட்சுகளும் ஒரு விநாடி இடைவெளியில் 'கட்ஆஃப்' ஆயின. சுமார் பத்து விநாடியில் ஒன்றும், மேலும் நான்கு விநாடியில் மற்றதும் 'ரன்' நிலைக்குத் திரும்பின. அதன்பிறகுதான் விழுந்தது. ஆக, இடிபாட்டில் 'ரன்' என்று கிடந்தால் பதிவோடு அது பொருந்துகிறது. 'கட்ஆஃப்' என்று கிடந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். மேலெழும்ப உதவும் இறக்கைத் தகடான ஃபிளாப்பை விமானி இறக்க மறந்தார் என்று முதலில் பரப்பினார்களே, ஃபிளாப் கைப்பிடி புறப்படும்போது வைக்கும் 5 டிகிரி நிலையில் கிடைத்தது. அந்தக் கதை அதோடு பொருந்தவில்லை.

சுவிட்சுகள் ஏன் நகர்ந்தன என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. அது நியாயமான கேள்வி, கேட்டுக்கொண்டே இருங்கள்.

சாட்சியம் காணாமலே போனதில்லையா என்று பங்காளி கேட்கக்கூடும். போயிருக்கிறது. 1979இல் அண்டார்க்டிகாவின் எரிபஸ் மலையில் நியூசிலாந்து விமானம் மோதி 257 பேர் இறந்தார்கள். முதல் விசாரணை விமானிகளைக் குற்றம் சாட்டியது. பிறகு விசாரித்த நீதிபதி பீட்டர் மேஹன், புறப்படுவதற்கு முன்னால் பயணப் பாதையின் இடக்குறிப்பு எண்கள் மாற்றப்பட்டதும் அது விமானிகளுக்குச் சொல்லப்படாததுமே முக்கியக் காரணம் என்றார். மலையில் கிடைத்த தலைமை விமானியின் குறிப்பேட்டில் தாள்கள் இருந்ததாக மீட்புப் பணியில் இருந்தவர் சொன்னார். குடும்பத்துக்கு வந்து சேர்ந்தபோது தாள்கள் இல்லை. ஆனால் மேஹன் வாட்ஸ்அப் படத்தை வைத்தா கண்டுபிடித்தார்? ஆவணத்தை யார் எடுத்தார், யார் கையில் இருந்தது என்று ஒவ்வொருவரையும் சாட்சிக்கூண்டில் ஏற்றினார். சந்தேகம் என்றால் அப்படி இருக்க வேண்டும். அதே மேஹன், விமான நிறுவனத்தார் சதி செய்து பொய்ச் சாட்சியம் சொன்னார்கள் என்று எழுதிய பகுதியை, சம்பந்தப்பட்டவர்களிடம் உரிய விளக்கம் கேட்காமல் எழுதியதால், மேல்முறையீட்டில் ஏற்க மறுத்துவிட்டார்கள்.

நம் அமைப்பின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அறிக்கையை நள்ளிரவு தாண்டி இணையத்தில் போட்டார்கள். விமானிகளின் உரையாடலில் ஒரே ஒரு கேள்வியும் பதிலும் மட்டும், அதுவும் சுருக்கி. இறந்தவர்களின் வீட்டார் தத்தம் மொழியில் படிக்க ஒரு பக்கம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? அந்த வெற்றிடத்தில்தான் இந்த ஆட்கள் கடை போடுகிறார்கள்.

சரி, உங்கள் 2,000 ரூபாய். பொதுநல வழக்குக்கு ஊரார் பாஸ்போர்ட் எதற்கு? நகலை வைத்து உங்கள் பெயரில் சிம் வாங்கலாம், கடன் வாங்கலாம். வழக்கு எண் என்ன, எந்த நீதிமன்றம், வக்கீலின் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் பேச்சை நிறுத்திவிடுங்கள். வக்கீல் தேடிவந்து வழக்குப் பிடிப்பதையே பார் கவுன்சில் விதி தடுக்கிறது, தரகரை அனுப்பிப் பிடிப்பதையும்தான்.

பாதிக்கப்பட்ட பயணியின் குடும்பத்திடம் இவர்கள் பேசுவது இன்னும் மோசம். 'சதி என்று நிரூபித்தால்தான் இழப்பீடு' என்று கையெழுத்து வாங்குகிறார்கள். அது பொய். சர்வதேசப் பயணத்துக்கு 1999 மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, ஒரு வரம்பு வரை யார் தவறு என்று நிரூபிக்காமலே விமான நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டுதான் அவகாசம். சதிக் கோப்பு தயாராகட்டும் என்று காத்திருந்தால் அதுவும் போய்விடும்.

ஏற்கெனவே ஜிபேயில் பணம் அனுப்பியிருந்தால் இன்றே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழையுங்கள். அனுப்பிய ரசீதையும் அவர் அனுப்பிய செய்திகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்.