தளத்தில் 50, ஆப்பில் 150: எதை நம்புவது?

கேள்வி: மகளின் முதல் பிறந்தநாளுக்குப் போட்டோக்களை வைத்து வீடியோ செய்கிறேன், யூடியூபிலும் போடுவேன். பின்னணிக்கு ஒரு லைட் ஆர்கெஸ்ட்ரா டிராக் காசு கொடுத்து வாங்கினேன். தளத்தில் 50 பிபிஎம் (நிமிஷத்துக்கு 50 தட்டு), ஸ்கேல் டி மேஜர், மூட் ‘அமைதி’ என்று போட்டிருக்கிறது. போனில் உள்ள ஆப் 150, பி மைனர் என்கிறது. கடைசியில் அம்மா அதோடு சேர்ந்து தாலாட்டுப் பாடுவதாகத் திட்டம். தப்பான டிராக்கை வாங்கிவிட்டேனா?

பதில்: இல்லை. ஐம்பதை மூன்றால் பெருக்கினால் 150 வருகிறது பாருங்கள், அதிலேயே பதில் இருக்கிறது. உங்களுடையது அநேகமாக வால்ட்ஸ், அதாவது மூன்று மூன்று தட்டாகப் போகும் இசை, நம் கணக்கில் திஸ்ரம். டிராக்கை ஓடவிட்டு ‘தகிட தகிட’ என்று சொல்லிப் பாருங்கள். ‘த’ வரும்போது அடியில் பேஸ் (கனத்த கீழ் ஸ்தாயி வாத்தியம்) ‘தும்’ என்று விழும், மற்ற இரண்டுக்கும் வயலின்கள் லேசாக ‘சக் சக்’ என்று போகும். ‘த’வுக்கு மட்டும் தட்டினால் நிமிஷத்துக்கு 50, மூன்றுக்கும் தட்டினால் 150. வேகமான வால்ட்ஸை நடத்துகிறவர்களே பாருக்கு (ஒரு ‘தகிட’ என்பது ஒரு பார்) ஒரு தட்டுதான் கையால் காட்டுவார்கள். காதும் அந்தப் பெரிய தட்டைத்தான் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் 150 என்ற எண் பயமுறுத்தினாலும் கேட்க அமைதியாக இருக்கிறது. பாருக்கு எத்தனை பீட் என்று போட நிறைய தளங்களில் ஒரு கட்டம்கூடக் கிடையாது, ஆனால் மூடுக்கு மட்டும் இருபது வார்த்தை அடுக்குவார்கள்! அந்த மூடெல்லாம் தேடலில் சிக்க வைப்பதற்கு, கண்டுகொள்ளாதீர்கள்.

சரி, போட்டோக்கள். ஒரு பார் 1.2 செகண்ட், நாலு பார் 4.8. நாலு பாருக்கு ஒரு படம் மாற்றினால் நிதானமாக இருக்கும்.

ஆனால் ஒரு விஷயம். இந்தக் கணக்கு கிளிக் (காதில் ஒரே வேகத்தில் ஓடும் ‘டிக் டிக்’) வைத்து வாசித்த டிராக்குக்கு மட்டும்தான் கடைசிவரை செல்லும். நிஜ ஆர்கெஸ்ட்ரா உட்கார்ந்து வாசித்ததென்றால், அதிலும் இந்த மாதிரி மென்மையான வால்ட்ஸ் என்றால், மெட்டின் ஒவ்வொரு வரி முடிவிலும் கொஞ்சம் இழுத்து, அடுத்த வரியை மெதுவாக எடுத்து, இரண்டு பாருக்குள் பழைய வேகத்தைப் பிடிப்பார்கள். முதல் நாலு படம் கச்சிதமாக விழும், ஐந்தாவது கொஞ்சம் முந்தும், பத்தாவது படம் எங்கேயோ போய் நிற்கும். ஆப்பைத் திட்டிப் பிரயோஜனமில்லை, அது சொல்வது சராசரி. அப்போது செகண்ட் கணக்கை விட்டுவிட்டு, டிராக்கை ஓடவிட்டுக்கொண்டே வரி தொடங்கும் இடங்களில் கையாலேயே மார்க்கர் போடுங்கள் (எடிட்டிங் மென்பொருள்களான பிரீமியரிலும் டாவின்சி ரிசால்விலும் ‘எம்’ விசை), படங்களை அந்த மார்க்கர்களில் மாற்றுங்கள். நீளமாக இழுக்கும் கடைசி வரிக்குக் குழந்தை தூங்கும் படம் ஒன்று போதும், அதை வெட்டாதீர்கள்.

ஸ்கேல் விஷயத்திலும் சண்டை இல்லை. டி மேஜருக்கும் பி மைனருக்கும் அதே ஏழு ஸ்வரங்கள்தான். சங்கராபரணத்தின் தைவதத்தை ஸட்ஜமாக வைத்தால் நடபைரவி வருமே, அதேதான். ஆப் ஸ்வரங்களை எண்ணும், பாட்டு எங்கே வந்து உட்காருகிறது என்பதில்தான் கோட்டை விடும். முடிவில் பேஸ் எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்று ஆர்மோனியத்தில் தொட்டுப் பாருங்கள். ‘டி’ (சுருதியில் 2 கட்டை) என்றால் தளம் சொன்ன டி மேஜர்தான், விஷயம் முடிந்தது.

அம்மா 5 கட்டையில் பாடுகிறவராக இருந்தால் டிராக்கை அங்கே ஏற்ற வேண்டாம். அரைக் கட்டை, ஒரு கட்டை என்றால் சமாளிக்கலாம், அதற்கு மேல் போனால் வயலின்கள் எலி கீச்சிடுவது போலாகிவிடும். டிராக்கின் சத்தத்தை மெல்ல இறக்கி முடித்துவிட்டு, தம்பூரா சுருதி மட்டும் வைத்து அவரைப் பாடவிடுங்கள். பாட்டி தாலாட்டுக்கு ஆர்கெஸ்ட்ரா எதற்கு?

இந்த இடத்தில்தான் ஒருவர் வந்து ‘குழந்தைக்கு நல்லது, 432 ஹெர்ட்ஸுக்கு மாற்றித் தருகிறேன்’ என்று காசு கேட்பார். தாலாட்டு, தியானம் என்ற பெயரில் இந்த வியாபாரம் ஓஹோவென்று நடக்கிறது. வாத்தியங்களைச் சுருதி சேர்க்க வைக்கும் ‘ஏ’ ஸ்வரம் வழக்கமாக 440 ஹெர்ட்ஸ். அதை 432 ஆக்கினால் அரைக் கட்டையில் மூன்றில் ஒரு பங்கு இறங்கும், அவ்வளவுதான், எந்தக் குழந்தையும் அதனால் சீக்கிரம் தூங்கப் போவதில்லை. பல பேர் செய்வதும் டிராக்கைச் சற்று மெதுவாக ஓட்டுவதுதான், அப்படிச் செய்தால் 150 பிபிஎம் 147 ஆகும், உங்கள் 4.8 கணக்கும் போச்சு, அடுத்து வரும் தம்பூராவோடும் ஒட்டாது. பென் டிரைவில் ஆயிரக்கணக்கான ‘ராயல்டி ஃப்ரீ’ டிராக் விற்கிறவர்களிடமும் போகாதீர்கள். விற்கிற உரிமை அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள், பேச்சை மாற்றுவார்கள்.

நீங்கள் காசு கொடுத்து வாங்கியதற்கே யூடியூபில் உரிமை கோரல் (‘இந்த இசை எங்களுடையது’ என்று வேறொருவர் சொல்வது) வரலாம். லைசன்ஸையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள், மறுப்புத் தெரிவிக்க அதுதான் ஆதாரம். மறுப்புக்குப் பதில் சொல்ல எதிர்த்தரப்புக்கு 30 நாள் அவகாசம், காசு கட்டியவர் கைகட்டிக் காத்திருக்க வேண்டும். இது என்ன நியாயமோ! அதனால் பிறந்தநாளுக்கு முந்தின ராத்திரி ஏற்றாதீர்கள். ஒரு மாதத்துக்கும் முன்பே, டிராக்கை மட்டும் ஒரு சும்மா படத்தோடு பிரைவேட்டாக ஏற்றி, ஏதாவது வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.