எதிர்த்தரப்புக்கு எந்தக் காகிதத்தைக் காட்டணும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்ட வட்டாரத்தவர் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: செம்பனைக் குலை ஏற்றிய லோரி வாடகை 38,000 ரிங்கிட் பாக்கி, அண்ணே. ஆலையின் எடைச் சீட்டுகளை விசாரணை அன்றைக்குத் திடீரென நீட்டினால் எதிராளி திணறுவார் இல்லையா?

பதில்: திணறப்போவது நீங்கள்தான் தம்பி. 2012 நீதிமன்ற விதிகளின் 34ஆம் ஆணைப்படி, விசாரணைக்கு முந்திய வழக்கு நிர்வாகக் கட்டத்திலேயே ஆவணங்களைக் கட்டாகத் தாக்கல் செய்யணும். கடைசி நேரத்தில் நீட்டினால் நீதிபதி மறுக்கலாம்.

கட்டு மூன்று வகை. சீட்டும் அசல், அதில் உள்ளதும் சரி என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 'ஏ'. சீட்டு அசல்தான், எடையில்தான் தகராறு என்றால் 'பி'. சீட்டே போலி என்று எதிராளி சொன்னால் 'சி'. 'சி'யில் விழுந்த சீட்டுக்கு அசலைக் காட்டி, அதை எழுதிய ஆலைக் குமாஸ்தாவையும் சாட்சிக்கு அழைக்க வேண்டி வரும். அவர் வேலையை விட்டுப் போயிருந்தால் பெரும்பாடு. அதனால் நகல்களை முன்கூட்டியே அனுப்பி, எது எந்தக் கட்டு என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். கார்பன் நகல் மங்கும், இப்போதே படியெடுத்து வையுங்கள்.

கேள்வி: பாதிப் பணம் வாங்கியதற்கு நான் கையெழுத்திட்ட ரசீது இருக்கு. மறைக்கலாமா?

பதில்: கூடாது. 24ஆம் ஆணையின் கீழ் நீதிமன்றம் உத்தரவிட்டால், உங்களுக்குப் பாதகமான ஆவணத்தையும் காட்டியாக வேண்டும். மீறினால் வழக்கே தள்ளுபடியாகலாம். 1950 சாட்சியச் சட்டத்தின் 114(ஜி) பிரிவு வேறு இருக்கிறது: ஒளித்த காகிதம் உங்களுக்கு எதிரானது என்று நீதிபதி ஊகிக்கலாம். கிழித்துப் போட்டால் அது தனிக் குற்றம், தண்டனைச் சட்டம் 204ஆம் பிரிவு. எதிராளியிடமும் ஒரு பிரதி இருக்குமே!

கேள்வி: பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில், தமிழில்தான். செல்லுமா சார்?

பதில்: செல்லும். சாதகமான நாலு வரியை மட்டும் வெட்டிக் கொடுக்காதீர்கள். தேதியும் எண்ணும் தெரிய முழு உரையாடலையும் கொடுங்கள். குரல் பதிவை எழுத்தாக்கி, சான்றளித்த மலாய் மொழிபெயர்ப்பு சேர்க்கணும். கைப்பேசியை விற்றுவிடாதீர்கள், அசலைக் கேட்பார்கள்.

கேள்வி: வக்கீலுக்கு நான் எழுதிய கடிதத்தையும் கேட்கிறார்களே?

பதில்: தர வேண்டாம். சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு அதைக் காக்கிறது. ஆனால் அதோடு இணைத்து அனுப்பிய பழைய ரசீதுக்கு அந்தக் காப்பு கிடையாது.