தோழியின் விளம்பரத்தை என் டெலிகிராமில் போடலாமா?

கேள்வி: நான் சிங்கப்பூர்க் குடிமகள், வயது 34. இணையத்தில் நானே விளம்பரம் போட்டு, நானே ஆள் பேசிப் பாலியல் தொழில் செய்கிறேன். சென்னையிலிருந்து வருகை அனுமதியில் வந்திருக்கும் தோழி, தன் படத்தையும் என் டெலிகிராம் சானலில் போடச் சொல்கிறாள். ஆளுக்கு 30 வெள்ளி தருவாளாம். ஓர் ஏஜென்ட் 800 வெள்ளி கேட்டு, விளம்பரத்துக்கு 'போலீஸ் பதிவு' வாங்கித் தருவதாகச் சொல்கிறார். மாட்டிக்கொள்வேனா?

பதில்: முதலில் அந்த 30 வெள்ளியை மறந்துவிடுங்கள்.

வயது வந்த ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு உறவு கொள்வது இங்கே குற்றமில்லை, தெருவில் நின்று ஆள் கூப்பிடுவதுதான் குற்றம். இணையத்துக்கு வேறு சட்டம், அதாவது பெண்கள் பாதுகாப்புக்கான சிங்கப்பூர்ச் சட்டமான மாதர் சாசனத்தின் 146ஏ பிரிவு. 2016 திருத்தத்தில் வந்த அது, பாலியல் சேவைக்கு ஆள் பிடித்துத் தரும் இணையத்தளத்தையோ அது போன்ற சேவையையோ நடத்துபவரைக் குறிவைக்கிறது. சர்வர் வெளிநாட்டில் இருக்கிறது என்ற சாக்கும் 2019 திருத்தத்துக்குப் பிறகு எடுபடாது. உங்கள் சானலில் இன்னொருத்தியின் படம் ஏறினால், போலீஸ் உங்களைத் தொழிலாளியாகப் பார்க்காது, சானல் நடத்துபவராகத்தான் பார்க்கும். அப்புறம் அந்தக் கமிஷன் வேறு இருக்கிறது: இன்னொருவரின் பாலியல் வருமானத்தில் தெரிந்தே பிழைத்தால் 7 ஆண்டு வரை சிறை, 1,00,000 வெள்ளி வரை அபராதம். கட்டுப்படியாகுமா?

துணைக்கு இருக்கட்டுமே என்று அவளை உங்கள் அறையிலேயே தொழில் செய்யவும் விடாதீர்கள். இரண்டு பெண்கள் தொழிலுக்குப் பயன்படுத்தும் இடம், வேறு வேறு நேரத்தில் பயன்படுத்தினாலும், சட்டத்தின் கண்ணில் விபசார விடுதி. தனியாக அடைபட்டு ஆபத்தில் கிடந்தால் குற்றமில்லை, ஒருத்திக்கொருத்தி காவலாக இருந்தால் குற்றம்! பெண்களைக் காக்க எழுதியதாம் இது, எனக்கு இன்னும் புரிந்தபாடில்லை.

தோழி விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். 'குற்றமில்லை' என்று நான் மேலே சொன்னது அவளைக் காப்பாற்றாது. குடிநுழைவுச் சட்டத்தில் பாலியல் தொழில் செய்பவர் நாட்டுக்குள் அனுமதிக்கப்படாதவர் பட்டியலில் வருகிறார், அதனால் நீதிமன்றம், வழக்கு எதுவுமே இல்லாமல் அவள் அனுமதியை ரத்து செய்து விமானம் ஏற்றிவிடலாம், மறுபடி வரவிடாமல் தடையும் போடலாம். வருகை அனுமதி மட்டுமல்ல, ஒர்க் பர்மிட்டில் இருப்பவருக்கும் இதே கதிதான். அவளே தன் பெயரில் போட்டாலும் சரி, நீங்கள் போட்டாலும் சரி, விமானம் ஏற வேண்டியது அவள்தான்.

அந்த ஏஜென்ட்டோ சுத்த மோசடி. இணைய விளம்பரத்துக்குப் போலீஸ் பதிவு என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. கேலாங், டெஸ்கர் ரோடு விபசார விடுதிகளைப் போலீஸ் கண்டுகொள்ளாமல் விட்டிருப்பதும், அங்கே நடக்கும் மருத்துவப் பரிசோதனை அட்டையும் வேறு சங்கதி, அதைக் காட்டித்தான் இவர்கள் கதை கட்டுகிறார்கள். என்னிடம் வந்த ஒரு பெண் அப்படி ஒரு 'சான்றிதழ்' வைத்திருந்தார்: சாதாரண ஏ4 தாள், மங்கலாக அச்சான சிங்க முத்திரை, கீழே 'ஆண்டுச் சந்தா' என்று ஒரு வரி. அடுத்து சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான இணைய அடையாளக் கணக்கு) கேட்பார்கள், வங்கிக் கணக்கை இரவல் கேட்பார்கள். கொடுத்துவிட்டால் மோசடிப் பணத்தைக் கைமாற்றிய வழக்கில் உங்கள் பெயர்தான் வரும்.

தோழியின் படத்தை ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். போலீஸ் அழைத்த பிறகு மட்டும் எதையும் அழிக்காதீர்கள், அது தனி வழக்காகும். அழைப்பு வந்தால் வாக்குமூலம் கொடுக்கும் முன்பே வழக்கறிஞரிடம் பேசப் பாருங்கள். வழக்குப் பதிவாகி, செலவு செய்ய வசதியில்லை என்றால், குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசாங்கமே வழக்கறிஞர் தரும் அலுவலகம் 2022 முதல் இருக்கிறது. தோழிக்கு அது கிடைக்காது.