லெய்ஃப் எரிக்சன் பெயரில் இருப்பது இலையா?

அமெரிக்கக் கரையில் கால்வைத்த வைக்கிங் மாலுமி லெய்ஃப் எரிக்சனின் பெயருக்கு ஆங்கில 'லீஃப்', அதாவது இலை என்றா பொருள், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இலைக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் இலைக்கு வேறு சொல் உண்டு. லெய்ஃப் என்பது மிச்சம் வைத்தல், விட்டுச்செல்லுதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. ஒருவர் போன பிறகும் அவருக்காக மிஞ்சி நிற்பவன், வாரிசு.

நார்வேக்கு வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நானும் இந்தத் தப்பைச் செய்தேன். எங்கள் குடியிருப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரை 'லீஃப்' என்று கூப்பிட்டேன். வாசற்படியில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "லெய்ஃப்" என்று இரண்டு தரம் நிதானமாகச் சொல்லிக் காட்டினார். அர்த்தம் கேட்டேன். "அப்பா விட்டுட்டுப் போனது" என்று கையுறையோடு தன் நெஞ்சைத் தட்டினார்.

சட்டென்று நம் 'எச்சம்' நினைவுக்கு வந்தது. இன்று அதைப் பறவைக்கும் இலக்கணப் பாடத்துக்கும் ஒதுக்கிவிட்டோம். பழந்தமிழில் ஒருவரின் பிள்ளைகளையும் அந்தச் சொல் குறித்தது. ஒட்டுறவே இல்லாத இரண்டு மொழிகள் பிள்ளையை இப்படி ஒரே மாதிரி பார்த்திருப்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். ஓலாஃப் என்ற பெயரின் பின்பாதியும் இதே வேர்தான்: முன்னோரின் எச்சம்.

எரிக்சன் குடும்பப் பெயர் இல்லை. எரிக்கின் மகன் என்பதுதான் அது. அதனால்தான் அவருடைய சகோதரி ஃப்ரெய்டிஸ், 'எரிக்கின் மகள்' என்று பொருள்படும் எய்ரிக்ஸ்டோட்டிர். ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலோருக்கு இப்படித்தான் பெயர். நம் இனிஷியலுக்கு நெருங்கிய சொந்தம்.

அந்த அப்பாக்கள் விட்டுப்போன சொத்து, ஊரைவிட்டு மேற்கே போகும் வழி. தாத்தா தோர்வால்ட் கொலைப்பழியால் நார்வேயை விட்டு ஐஸ்லாந்துக்குப் போனார். மகன் 'செந்தலை' எரிக்குக்கு ஐஸ்லாந்திலும் அதே கதை, 3 ஆண்டு நாடுகடத்தல். அந்த ஆண்டுகளில் அவர் சுற்றிப் பார்த்த தீவுக்குத்தான், நல்ல பெயர் இருந்தால் ஆட்கள் வருவார்கள் என்று 'பசுமை நாடு', கிரீன்லாந்து, எனப் பெயர் வைத்தார். குடியேறக் கிளம்பிய 25 கப்பல்களில் 14தான் போய்ச் சேர்ந்தன என்கின்றன ஐஸ்லாந்துக் கதைகள்.

லெய்ஃபின் பயணம் 1000-ஆம் ஆண்டையொட்டி. கதைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. நான் நம்ப விரும்புவது இதை: வழிதவறிப்போய் அமெரிக்கக் கரையைத் தூரத்தில் பார்த்தும் இறங்காமல் திரும்பிய பியார்னி என்பவரின் கப்பலையே விலைக்கு வாங்கி, 35 பேராகக் கிளம்பினார்கள். கண்ட கரைகளுக்குக் கல்நாடு, காட்டுநாடு, வின்லாந்து என்று பெயரிட்டார்கள். வின்லாந்து என்றால் திராட்சை மது நாடு. திரும்பும் வழியில் பாறைத்திட்டில் தவித்த 15 பேரைக் காப்பாற்றியதால் லெய்ஃபுக்கு 'அதிர்ஷ்டக்காரர்' என்ற பட்டம் வந்தது.

இதெல்லாம் வெறும் கதை என்றே பலர் நினைத்திருந்தார்கள். 1960-இல் ஹெல்கே இங்ஸ்டாட் என்ற நார்வேக்காரருக்கு, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்ற ஊரின் மீனவர் ஒருவர் புல்மேடுகளைக் காட்டினார். ஹெல்கேயின் மனைவி, தொல்லியலாளர் அன்னே ஸ்டினே, அங்கே தோண்டி நார்ஸ் வீடுகளின் அடித்தளங்களை வெளியே கொண்டுவந்தார். அங்கே கிடைத்த, இரும்புக் கருவியால் வெட்டிய மரத்துண்டுகளை ஆராய்ந்து, வெட்டிய ஆண்டு 1021 என்று 2021-இல் அறிவித்தார்கள். மரம் ஆண்டுக்கு ஒரு வளையம் வளரும். 993-இல் வானிலிருந்து வந்த கதிர்வீச்சின் தடம் அதில் ஒரு வளையத்தில் பதிந்திருந்தது. அதிலிருந்து பட்டைவரை 28 வளையங்கள். கோடரி பிடித்தது லெய்ஃபின் ஆட்களா, பின்னால் வந்தவர்களா என்பதை மரம் சொல்லாது. ஆனால் அதே மண்ணில் நூல் நூற்கும் மாக்கல் தக்களி வட்டு ஒன்றும் கிடைத்தது. நூற்பது அவர்களிடம் பெண்கள் வேலை. அப்படியானால் அந்தக் கடலைத் தாண்டிப் பெண்களும் வந்திருக்கிறார்கள்.