ஆங்கில வாக்கியத்தில் எந்தக் காலம்? வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

கேள்வி: 'நேற்று நூலகத்துக்குப் போயிருந்தேன்' என்ற பொருளில் 'ஐ ஹேட் கான் டு த லைப்ரரி யெஸ்டர்டே' என்று எழுதினேன். ஆசிரியர் அதை 'ஐ வென்ட்' என்று திருத்திவிட்டார். என் வாக்கியத்தில் என்ன பிழை?

பதில்: உங்கள் தமிழ் வாக்கியத்தில் பிழை இல்லை; அதன் வடிவத்தை ஆங்கிலத்திலும் தேடியதுதான் பிழை. தமிழில் 'போயிருந்தேன்' என்னும் வினை, போய், சற்று நேரம் இருந்து, திரும்பியும் வந்துவிட்டதை உணர்த்திவிடும். அதற்கு வேறொரு நிகழ்ச்சியின் துணை தேவையில்லை. ஆங்கிலத்தின் 'ஹேட் கான்' அப்படித் தனித்து நிற்காது. கடந்த காலத்தில் ஒரு நிகழ்ச்சியை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கும் முன்னால் நடந்து முடிந்ததைச் சொல்லவே அது பயன்படுகிறது. 'வென் ஹி கேம், ஐ ஹேட் கான் டு த லைப்ரரி' என்றால், அவர் வந்தபோது நீங்கள் அங்கே இல்லை. 'வென் ஹி கேம், ஐ வென்ட் டு த லைப்ரரி' என்றால், அவர் வந்த பிறகே நீங்கள் கிளம்பினீர்கள். எது முந்தியது, எது பிந்தியது என்பதை இங்கே வினைவடிவம் ஒன்றே காட்டுகிறது.

'ஆஃப்டர்', 'பிஃபோர்' போன்ற சொற்கள் அந்த வரிசையை ஏற்கெனவே காட்டிவிட்டால் 'ஹேட்' பெரும்பாலும் தேவைப்படாது. பயிற்சி நூல்கள் சில அங்கேயும் அதை வற்புறுத்துகின்றன. ஆனால் 'ஆஃப்டர் ஐ ஃபினிஷ்ட் த வொர்க், ஐ வென்ட் ஹோம்' என்பது குறையில்லாத ஆங்கிலமே.

கேள்வி: 'ஐ ஹேவ் விஸிட்டட் தட் ஸிட்டி இன் 2010' தவறு என்கிறார்கள். 'ஐ ஹேவ் விஸிட்டட் தட் ஸிட்டி' மட்டும் சரியாம். ஆண்டைச் சேர்த்தால் வாக்கியம் எப்படித் தவறாகிவிடும்?

பதில்: தமிழர்களை மிகுதியாக இடறவைக்கும் இடம் இதுதான். '2010இல் அந்த நகரத்துக்குப் போயிருக்கிறேன்' என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'ஹேவ்' என்பது நிகழ்கால வினை. அது சேரும்போது, நடந்தது பழையதாக இருந்தாலும், பேசுபவரின் பார்வை இன்றைய நிலையின் மீது இருக்கிறது. 'அந்த அனுபவம் எனக்கு இப்போது உண்டு' என்பதே அங்கே செய்தி. '2010', 'யெஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்' போன்றவை முடிந்துபோன காலத்தின் பெயர்கள். அவற்றைச் சொன்னதும் பார்வை அந்தக் காலத்துக்குப் போய்விடுவதால், 'ஐ விஸிட்டட்' என்னும் எளிய இறந்தகாலமே பொருந்தும்.

ஆகவே நிகழ்ச்சி முடிந்துவிட்டதா என்று கேட்பதைவிட, வாக்கியத்தில் குறிப்பிட்ட காலம் முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். 'ஐ ஹேவ் ரிட்டன் டூ லெட்டர்ஸ் திஸ் மார்னிங்' என்று காலை பத்து மணிக்குச் சொல்லலாம். காலைப்பொழுது இன்னும் முடியவில்லை. அதே கடிதங்களைப் பற்றி மாலையில் சொல்லும்போது 'ஐ ரோட்' என்பதே பொருத்தம். கடிதங்கள் இரண்டு வேளையிலும் எழுதி முடித்தவைதாம். 'வென்' என்று தொடங்கும் கேள்வியும் கடந்துபோன நேரத்தைக் கேட்பதால், 'வென் ஹேவ் யூ கம்?' என்று கேளாமல் 'வென் டிட் யூ கம்?' என்றே கேட்க வேண்டும்.

'ஜஸ்ட்', 'ஆல்ரெடி' ஆகிய சொற்களோடு பிரிட்டிஷ் வழக்கு 'ஹேவ்' சேர்ப்பதையே விரும்பும். அமெரிக்கப் பேச்சில் 'ஐ ஆல்ரெடி ஏட்' என்பதும் இயல்பானது. தேர்வு எழுதுபவர்கள் முதல் வழக்கைப் பின்பற்றுவது பாதுகாப்பு.

கேள்வி: 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' சரியா?

பதில்: சரியன்று. 'பத்து ஆண்டுகளாக வேலை செய்கிறேன்' என்பதில் தமிழுக்கு நிகழ்காலம் போதும். முன்பு தொடங்கி இன்றுவரை நீள்வதைக் குறிக்க ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்று எழுத வேண்டும். 'நோ' (அறிதல்) போன்று, செயலை அல்லாமல் ஒரு நிலையைச் சொல்லும் நிலைவினைகள் 'இங்' ஏற்காததால், 'ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்' என்று வரும்.

கேள்வி: 'ஐ டிட் நாட் வென்ட்' ஏன் தவறு?

பதில்: இறந்தகாலத்தை 'டிட்' சொல்லிவிட்டது. அடுத்த வினை 'கோ' என்றே நிற்கும்.

கேள்வி: 'வில்' எங்கே வர வேண்டும், எங்கே வரக்கூடாது என்பது எனக்குப் பிடிபடவில்லை.

பதில்: தினமும் செய்வதைத் தமிழ் எதிர்கால வடிவத்தாலும் சொல்லும்: 'காலையில் நடப்பேன்.' அந்தப் பழக்கத்தில்தான் 'எவ்ரி மார்னிங் ஐ வில் வாக்' என்று பலர் எழுதுகிறார்கள். கேட்பவர் அதை இனிமேல் நடக்கப் போவதாக எடுத்துக்கொள்வார். வழக்கத்துக்கு 'ஐ வாக்' போதும். ஒருவருடைய இயல்பைச் சொல்ல ஆங்கிலேயர் 'வில்' பயன்படுத்துவதும் உண்டு. அதைக் கேட்டுப் பழகிய பிறகு கையாளலாம்.

நேரத்தையோ நிபந்தனையையோ சொல்லும் 'வென்', 'இஃப்' தொடர்களில், வருங்காலத்தைப் பற்றிப் பேசினாலும் வினை நிகழ்காலத்திலேயே இருக்கும்: 'வென் ஹி கம்ஸ், ஐ வில் டெல் ஹிம்.' ஆனால் 'ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்' என்பதும் சரியே. இங்கே 'வென்' என்பது 'வரும்போது' என்று பொருள்படவில்லை. 'எப்போது வருவார்' என்னும் கேள்வியாக நிற்கிறது. அந்த இடத்தில் தமிழில் 'எப்போது' என்று வருமானால் 'வில்' எழுதத் தயங்க வேண்டாம்.