கொழும்பில் சமைப்பதும் கடையில் சாப்பிடுவதும்: கேள்வி பதில்

வெள்ளவத்தையில் பல வருடம் மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டி விற்றவள் என்பதால் என்னைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறார்கள். வீட்டுச் சமையல், கொழும்புக் கடைச் சாப்பாடு இரண்டையும் கேளுங்கள். கேக், ஐசிங் எனக்குத் தெரியாது. மெலிவதற்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்பவர்களுக்கும் நான் ஆள் இல்லை.

பம்பலப்பிட்டி அறைவாசி: அக்கா, ரைஸ் குக்கரும் ஒற்றை அடுப்பும்தான் இருக்கிறது, ஃபிரிட்ஜ் இல்லை. ஞாயிறு மீன் குழம்பு வைத்தால் செவ்வாய் வரை வருமா?

தேங்காய்ப்பால் விட்ட குழம்பு என்றால் வராது தம்பி. இந்த வெக்கையிலும் ஈரத்திலும் பால்குழம்பு காலையில் வைத்தால் அன்றைக்கே முடியவேண்டும். உங்களுக்குச் சரியானது சிங்களவர் செய்யும் அம்புல் தியல். பலயாவோ கெலவல்லாவோ, இரண்டும் சூரை வகை மீன், வாங்கிச் சதுரத் துண்டாக வெட்டி, கொறுக்காய்ப்புளியை ஊறவைத்து அரைத்து, மிளகுத்தூள், உப்பு, மஞ்சள் சேர்த்துப் பிரட்டி, மண்சட்டியில் வாழையிலை போட்டு அடுக்கி, கொஞ்சத் தண்ணீர் விட்டு, மெல்லிய நெருப்பில் தண்ணீர் முழுக்க வற்றும்வரை விடுங்கள். பால் இல்லை, ஈரம் இல்லை, புளிப்பு நிறைய. அதனால்தான் அது வெளியிலும் இரண்டு மூன்று நாள் தாங்குகிறது. ஈரக் கரண்டியை உள்ளே விட்டால் அந்தக் கணக்கு சரிவராது.

மீன் மட்டும் ஐஸில் கிடந்ததாக இருக்கவேண்டும். சூரை வகை மீன்கள் வெயிலில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும், அது கொதிக்கவைத்தாலும் போகாது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலை இடித்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். சோறு அன்றன்றைக்குப் போடுங்கள். வெளியில் இரவு முழுக்கக் கிடந்த சோற்றைச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள், அதில் வளரும் ஒரு கிருமியின் நஞ்சு சூட்டுக்கு அழியாது.

பசிக்காரன்: கொழும்பில் திறமான கொத்து எந்தக் கடையில்?

கொள்ளுப்பிட்டியில் பிலாவூஸ் என்பார்கள், சீஸ் கொத்துக்கு அங்கே ஒரு கூட்டமே உண்டு. நான் கடையைவிட நேரத்தைத்தான் பார்ப்பேன். இரவு எட்டு மணிக்குப் பிறகு, தட்டுகிற சத்தம் ஓயாத கடைக்குப் போங்கள். ரொட்டி அன்றைக்குத் தீர்ந்துகொண்டே இருக்கும், இறைச்சிக் கறியும் சட்டியில் தூங்காது. பின்னேரம் நாலு மணிக்கு வெறிச்சென்று இருக்கிற கடையில் கொத்துக் கேட்டால் மத்தியானக் கறிதான் உங்களுக்குக் கிடைக்கும்.

மருதானை: டொல்பின் கொத்தில் டொல்பின் இருக்கிறதா?

இல்லை.

தெஹிவளை மருமகள்: அக்கா, நான் சொதி வைத்தால் ஒவ்வொரு முறையும் பால் திரைந்துவிடுகிறது. மாமி தக்காளி போட்டதால்தான் என்கிறா. உண்மையா?

மாமி பக்கம் பாதி நியாயம் இருக்கிறது தங்கச்சி. தேங்காய்ப்பாலில் கொழுப்பையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். நல்ல சூட்டில் அது இறுகும், புளிப்புப் பட்டாலும் இறுகும், இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் நிச்சயம் இறுகும். அப்போது எண்ணெய் தனி, தண்ணீர் தனி, நடுவில் திரி திரியாக நிற்கும். நீங்கள் தக்காளியும் போட்டு, கட்டிப்பாலும் விட்டு, மூடி போட்டுக் கொதிக்கவும் விட்டிருப்பீர்கள்.

முறை இதுதான். கப்பிப்பாலில், அதாவது பிறகு பிழிகிற தண்ணிப்பாலில், வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ஒரு சிட்டிகை வெந்தயம், மஞ்சள், உப்புப் போட்டு அவியவிடுங்கள். கப்பிப்பால் தண்ணீர்தான், கொதித்தால் ஒன்றும் ஆகாது. வெங்காயம் அவிந்த பிறகு நெருப்பைக் குறைத்து, கட்டிப்பாலை விட்டு, அகப்பையால் துழாவிக்கொண்டே இருங்கள். ஓரத்தில் நுரை கட்டி மெல்ல எழும்பும்போதே இறக்கிவிடுங்கள். தேசிக்காய் விடுவது இறக்கிச் சூடு கொஞ்சம் தணிந்த பிறகு. அடுப்பில் இருக்கும்போது தேசிக்காய் விடுகிறவர்களை நான் சமையலறைக்குள் விடமாட்டேன்.

தக்காளி என் சொதியில் கிடையாது. இடியப்பத்துக்கு விடுகிற சொதியில் பாலும் வெந்தயமும் தேசிக்காயும் மணக்கவேண்டும்.

மட்டக்களப்பான்: மன்னிக்கவேண்டும், எங்கள் வீட்டில் தக்காளி இல்லாமல் சொதியே இல்லை. ஒருநாளும் திரைந்ததும் இல்லை. யாழ்ப்பாணத்தார் சொல்வதுதான் சட்டமா?

சட்டம் என்று யார் சொன்னது? என் சொதியில் கிடையாது என்றேன். உங்கள் வீட்டில் திரையாததற்குக் காரணம், அம்மா தக்காளியைக் கப்பிப்பாலிலேயே கரையக் கரைய அவியவிட்டு, கட்டிப்பாலைக் கடைசியில் நெருப்பை நிறுத்திய பிறகு விட்டிருப்பா. போய்க் கேட்டுப் பாருங்கள். தெஹிவளைத் தங்கச்சி, மாமி இல்லாத நாளில் நீங்களும் இப்படிச் செய்யலாம்.

மட்டக்களப்பான்: கேட்டேன். நீங்கள் சொன்னபடிதான் செய்கிறாவாம். ஆனால் தக்காளி போட்டால்தான் ருசி என்றும் சொல்லச் சொன்னா.

அம்மாவுக்கு என் வணக்கம். ருசி விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன்.

சென்னையிலிருந்து வந்தவள்: நீங்கள் எல்லோரும் சொல்வது சொதியே இல்லை. எங்கள் திருநெல்வேலிச் சொதியில் பாசிப்பருப்பு, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், இஞ்சிச் சாறு எல்லாம் உண்டு. சோற்றுக்கு ஊற்றி இஞ்சித் துவையலோடு சாப்பிடுவோம்.

கல்யாணத்துக்கு அடுத்த நாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைப்பார்களே, அதுதானே? சாப்பிட்டிருக்கிறேன், அருமையான சாப்பாடு. ஆனால் அது ஒரு முழுக் கறி. நாங்கள் சொல்வது இடியப்பமோ புட்டோ தொண்டையில் இறங்குவதற்கு விடுகிற தண்ணிச் சொதி. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் சண்டைதான் மிஞ்சும். இஞ்சிச் சாற்றை நீங்களும் இறக்கும்போதுதானே விடுகிறீர்கள்? பாலின் குணம் எங்கேயும் ஒன்றுதான்.

கொட்டாஞ்சேனை: மீன் தலை போடாத சொதி எல்லாம் ஒரு சொதியா?

இதோ வந்துவிட்டார். விளைமீன் தலை போட்ட சொதியைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். அதற்குக் கொஞ்சம் மிளகு தட்டிப்போட்டு, தேசிக்காயைக் கூடுதலாக விடவேண்டும். அந்தச் சட்டியில் தக்காளி போட்டால் கூட நான் கண்டுகொள்ளாமல் இருப்பேன். மட்டக்களப்பான், இதை வெற்றி என்று எடுத்துக்கொள்ளவேண்டாம்.

நுகேகொடை: பால்மா மாதிரிப் பக்கெட்டில் வருகிற தேங்காய்ப்பால் பவுடரில் வைத்தால் திரைவதே இல்லையே. பிறகு ஏன் இவ்வளவு சண்டை?

அதில் பிரியாமல் பிடித்து வைக்க வேறு பொருட்கள் சேர்த்திருப்பார்கள், அதனால் திரைவது குறைவு. அவசரத்துக்கு நானும் பாவிப்பேன். ஆனால் சுத்த சைவம், பசுப்பாலும் கூடாது என்பவர்கள் பக்கெட்டைத் திருப்பி வாசியுங்கள். பல பவுடர்களில் கேசினேட் என்று இருக்கும், அது பசுப்பாலிலிருந்து எடுப்பது. சொதிக்கு மட்டும் தேங்காயைத் துருவுங்கள், இரண்டு நிமிட வேலை. சரி, சொதி போதும். வேறு கேள்விகள் வரிசையில் நிற்கின்றன.

வத்தளை: இந்தியாவிலிருந்து சைவக் குடும்பம் வருகிறது. எங்கே கூட்டிப் போவது?

வெள்ளவத்தை ராமகிருஷ்ணா வீதியில் ஷண்முகாஸ், பம்பலப்பிட்டி ஷ்ரபரி கார்டன்ஸில் கிரீன்லண்ட்ஸ், காலி வீதியில் சரஸ்வதி லொட்ஜ். முதலாவது குடும்பத்தோடு ஆறுதலாக இருந்து சாப்பிட, மற்றவை காலைத் தோசை, வடை, தேத்தண்ணிக்கு. மற்றக் கடைகளில் 'மரக்கறிச் சாப்பாடு' என்று தந்தாலும் சம்பலில் மாசிக் கருவாடு இருக்கும், பருப்பில்கூட இருக்கும். அவர்கள் அதை மீன் என்று கணக்கெடுப்பதில்லை. "மாசி போட்டதா?" என்று வாய் திறந்து கேளுங்கள்.

புறக்கோட்டைக் கிளார்க்: மத்தியானம் வேலை முடியவே மூன்று மணி ஆகிறது. எந்தக் கடைப் பார்சல் நல்லது?

எந்தக் கடை என்பதை விடுங்கள். எத்தனை மணிக்குக் கட்டினது என்று கேளுங்கள். அந்தத் தொழில் செய்தவள் என்பதால் சொல்கிறேன், பதினொரு மணிக்கு மதியப் பார்சல் அடுக்கியாகிவிடும். சுடுசோற்றுக்கு மேல் பால்கறி, அதற்குப் பக்கத்தில் பச்சைத் தேங்காய்ச் சம்பல், எல்லாம் இறுக்கிக் கட்டி வெக்கையில் நாலு மணித்தியாலம். மூன்று மணிக்குத் திறந்தால் மணம் நன்றாகத்தான் இருக்கும், அதை நம்பவேண்டாம். அந்த நேரத்துக்குப் பார்சல் வேண்டாம், தட்டில் போட்டுத் தருகிற கடையில் சூடாக ஒரு ரொட்டியும் பருப்பும் சாப்பிடுங்கள், அல்லது வீட்டிலிருந்து பாணும் கட்டச் சம்பலும் கொண்டு போங்கள். கட்டச் சம்பலில் தேங்காய் இல்லை, செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு, தேசிக்காய்தான், அது கிடந்து தாங்கும்.

இன்னொன்று, 2017 செப்டெம்பரில் தடை செய்த பொலித்தீன் லஞ்ச் சீட்டில் இன்னமும் கட்டித் தருகிற கடைகளைப் பார்த்திருக்கிறேன். வாழையிலையில் கட்டுகிற கடையாகப் பார்த்து வாங்குங்கள்.

பசி இல்லாதவன்: நல்ல புரியாணி எங்கே?

எத்தனை மணிக்கு?

கிருலப்பனை: கொத்துக்கு எந்தக் கடை திறம்?

மேலே எழுதியிருக்கிறேன். வாசியுங்கள்.

லண்டன் தம்பி: லீவில் வருகிறேன். யாழ்ப்பாண நண்டுக் கறி கொழும்பில் சாப்பிடவேண்டும். மினிஸ்ட்ரி ஒஃப் க்ராப் போகவா?

அது கோட்டையில் பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் 2011இல் தொடங்கின கடை, மஹேலவும் சங்கக்காரவும் பங்குதாரர்கள். நண்டு பெரிது, பில்லும் பெரிது. மிளகு நண்டும் உள்ளி மிளகாய் நண்டும்தான் அவர்களுடைய கை. நீங்கள் தேடுவது தூளும் புளியும் போட்டு, இறக்கும்போது ஒரு பிடி முருங்கையிலை போட்ட குழம்பு. அதற்குக் கொள்ளுப்பிட்டி ரேணுகா ஹோட்டலின் பாமைரா இருக்கிறது, சிக்கனமாக வேண்டுமென்றால் வெள்ளவத்தை ஸ்டேஷன் வீதியில் யாழ் ஹோட்டல். சித்தி யாராவது கொழும்பில் இருந்தால் நண்டை நீங்கள் வாங்கிக் கொடுத்து அவவிடம் சமைக்கச் சொல்லுங்கள், அதுதான் சிறந்தது. ஒரே அளவில் இரண்டு நண்டைக் கையில் தூக்கிப் பார்த்துப் பாரமானதை எடுங்கள், பாரமில்லாதது ஓடுதான்.

கல்கிசை: லம்ப்ரைஸில் முட்டை இருக்கவேண்டுமா?

பறங்கியரின் பழைய முறையில் அவித்த முட்டை இல்லை. இறைச்சிச் சாற்றில் வேகவைத்த சோறு, கலப்பு இறைச்சிக் கறி, ஃப்ரிக்கடெல் என்ற இறைச்சி உருண்டை, கத்தரிக்காய் மோஜு, சீனிச்சம்பல், பிளாச்சான் என்ற இறால் சம்பல், எல்லாவற்றையும் வாழையிலையில் சுற்றி ஓவனில் வைப்பார்கள். வாழையிலை சூட்டில் கருகின மணம் இல்லையென்றால் அது சோற்றுப் பார்சல். தும்முல்லைப் பக்கம் டச்சு பறங்கியர் சங்கத்தில் சாப்பிட்டுப் பாருங்கள்.

வெள்ளவத்தை 42வது ஒழுங்கை: கடைத் தூள் ருசிக்கவில்லை. வீட்டில் எப்படி இடிப்பது?

எங்கள் வீட்டுக் கணக்கு: செத்தல் அரைக் கிலோ, மல்லி அரைக் கிலோ, மிளகு 100 கிராம், பெருஞ்சீரகம் 100, நற்சீரகம் 50, வெந்தயம் 25, மஞ்சள் இரண்டு துண்டு, கறிவேப்பிலை இரண்டு பிடி. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்கவேண்டும், வெந்தயம் சிவந்தால் போதும், கறுத்தால் முழுத் தூளும் கசக்கும். செத்தலை வறுக்கும்போது பக்கத்து ஃப்ளாட்காரருக்கு முதலே சொல்லிவிடுங்கள். ஆறினபிறகு மில்லில் கொடுங்கள், சூட்டோடு போத்தலில் அடைத்தால் வேர்த்துக் கட்டிபிடிக்கும்.

மட்டக்களப்பான்: தூளில் இவ்வளவு பெருஞ்சீரகமா?

இன்றைக்கு வேண்டாம் தம்பி.

பொரளை: மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டு இஞ்சி தின்றால் செத்துவிடுவோமாமே?

பழங்காலப் பயம். ஆபத்து கிழங்கில் இருக்கும் சயனைட்டில். தோலை நன்றாகச் சீவி, நிறையத் தண்ணீரில், மூடி போடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். கசக்கிற கிழங்கைத் துப்பிவிடுங்கள். இஞ்சி உங்கள் விருப்பம்.

இராஜகிரிய: ரெஸ்டோரண்ட் பில்லில் மெனு விலைக்கு மேல் இவ்வளவு கூடுகிறதே?

10 வீதம் சேவைக் கட்டணம், அதோடு வற் வரி, அது 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும். ஓடர் கொடுக்கமுதல் வாசியுங்கள்.

பாணந்துறை: நீரிழிவுக்குச் சிவப்பரிசி எவ்வளவு சாப்பிடலாம்?

டொக்டரிடம்.

வெள்ளவத்தை அப்பா: பிள்ளையின் பிறந்தநாளுக்கு 20 பேர், வீட்டில் நானே சமைக்கப்போகிறேன். என்ன அளவு?

கீரிச்சம்பா இரண்டரைக் கிலோ, இரண்டு பானையில் பிரித்துப் போடுங்கள், ஒரே பானை என்றால் அடி குழைந்து மேல் வேகாது. கோழி நாலு கிலோ, பருப்பு 600 கிராம், கத்தரிக்காய் இரண்டு கிலோ பொரித்த பால்கறி, ஒரு சலட். தேங்காய் எட்டு வாங்கினால் பயமில்லை. கோழியை முதல்நாள் பிரட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள், சமைப்பது அன்றைக்குக் காலை. பால்கறியை ஆட்கள் வருவதற்கு ஒரு மணித்தியாலம் முதல் வையுங்கள், பப்படம் அவர்கள் செருப்பைக் கழற்றும்போது பொரியுங்கள். மிச்சம் இருந்தால் பார்சல் கட்டிக் கொடுத்துவிடாமல் ஃபிரிட்ஜில் எடுத்து வையுங்கள், உறவினர் கோபித்தால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.